புல்லட்டுக்கு மட்டும் ஏன் இந்த மன்னிப்பு?

வண்டி மேடை – வாசகர் கேள்வி பதில்
பதில்கள்: ஐ.டி.ஐ. மோட்டார் மெக்கானிக் பிரிவின் முன்னாள் பயிற்றுநர், தருமபுரி

சென்ற இதழில் ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது, "பழைய தோற்றத்தில் புதிதாக வரும் மோட்டார் சைக்கிள் எதுவானாலும் வந்த முதல் ஆண்டில் வாங்காதீர்கள்" என்று ஒரு வரி போட்டிருந்தேன். அந்த ஒரு வரிக்காகத் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களும் என் மேல் வருத்தத்தில் இருப்பது தபால்களைப் பார்த்தால் தெரிகிறது. சிலர் நன்றியும் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் எல்லோரும் ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள். ஆகவே இந்த மாதப் பக்கம் முழுவதும் ரெட்ரோ வண்டிகளுக்கே, அதாவது பழைய தோற்றத்தில் வரும் புதிய வண்டிகளுக்கே. டிராக்டர் கேள்விகள் அடுத்த மாதம்.

கேள்வி (பர்கூர், கிரானைட் பட்டறை உரிமையாளர்): முதல் ஆண்டில் வாங்காதே என்கிறீர்கள். எல்லோரும் அப்படியே காத்திருந்தால் கம்பெனி யாரிடம் விற்கும்? குறை எப்படித்தான் வெளியே தெரியும்?

பதில்: கவலைப்படாதீர்கள். பணம் இருந்து பொறுமை இல்லாதவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். முதல் ஆண்டு வண்டிகளை அவர்கள் வாங்கி ஓட்டி, நமக்காகச் சோதித்துக் கொடுப்பார்கள்.

நான் வாய்க்கு வந்ததை எழுதவில்லை. 2020 இறுதியில் ராயல் என்ஃபீல்டு மீட்டியோர் 350 வந்தது. முற்றிலும் புதிய எஞ்சின். அடுத்த மே மாதம், 2020 டிசம்பருக்கும் 2021 ஏப்ரலுக்கும் இடையில் தயாரான மீட்டியோர், கிளாசிக், புல்லட் வண்டிகள் 2,36,966-ஐ அந்த நிறுவனமே சோதித்துச் சரிசெய்யத் திரும்ப அழைத்தது. காரணம் இக்னிஷன் காயில், பெட்ரோலைப் பற்றவைக்கும் தீப்பொறிக்கு மின்சாரம் தரும் பாகம். வெளியிலிருந்து வாங்கிய ஒரு தொகுதி காயில்களில் குறை. எஞ்சின் திணறலாம், அரிதாக மின்கசிவும் ஏற்படலாம் என்றார்கள். அழைத்தவற்றில் பத்து சதவீதத்துக்கும் குறைவான வண்டிகளுக்கே காயில் மாற்ற வேண்டியிருக்கும் என்பது அவர்கள் கணக்கு. அதே ஆண்டு டிசம்பரில், புதிய கிளாசிக் 350 வந்து நான்கு மாதம்கூட ஆகாத நிலையில், பின்சக்கரத்தில் டிரம் பிரேக் உள்ள வண்டிகள் 26,300-ஐ அழைத்தார்கள். பிரேக்கை மிக அழுத்தமாக மிதித்தால் பின்பிரேக்கைத் தாங்கும் பிடிப்புத் தகடு சேதமடையலாம் என்பது காரணம்.

இதைப் படித்துவிட்டு "அப்படியானால் அந்தக் கம்பெனி மோசம்" என்று முடிவு கட்டாதீர்கள். அழைத்தது நல்ல காரியம். அழைக்காமல் மூடி மறைப்பதுதான் மோசம். காயிலும் பிரேக் தகடும் எந்தக் காலத்துப் பொருள்கள் என்று பாருங்கள். உருண்டை விளக்கோ, கண்ணீர்த்துளி வடிவ டேங்கோ, பழைய பாணி சீட்டோ குறைப்பட்டு யாரும் வண்டியைத் திரும்ப அழைத்ததில்லை. கண்ணைக் கவருவது பழைய பாகம். பழுதாவது புதிய பாகம். வாங்கும்போது நாம் முதலாவதை மட்டும் தடவிப் பார்க்கிறோம்.

நீங்கள் ஏற்கெனவே வாங்கியிருந்தால், சேஸிஸ் எண்ணைச் சர்வீஸ் மையத்தில் கொடுத்து "இந்த வண்டிக்குத் திரும்ப அழைத்த வேலை ஏதும் பாக்கி இருக்கிறதா?" என்று கேளுங்கள். அந்த வேலைக்குக் காசு வாங்கக் கூடாது.

கேள்வி (பாலக்கோடு, தக்காளி மண்டிக் கணக்கர்): என் அப்பா வலது கால் கியர் உள்ள பழைய புல்லட்டில் இராயக்கோட்டைக்கும் மாரண்டஅள்ளிக்கும் சுற்றியவர். நான் ராயல் என்ஃபீல்டின் புதிய 350 வாங்கி வந்து நிறுத்தினேன். ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு, "வண்டி நன்றாக இருக்கிறது, ஆனால் இது புல்லட் இல்லை" என்று சாவியைக் கொடுத்துவிட்டார். எனக்கு மனசே சரியில்லை. அவர் சொல்வது சரியா?

பதில்: அப்பா சொன்ன இரண்டுமே சரி. முதல் பாதியை நீங்கள் காதில் வாங்கவில்லை.

1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெடிட்ச் நகரத்து என்ஃபீல்டு கம்பெனியும் சேர்ந்து தொடங்கியது என்ஃபீல்டு இந்தியா. திருவொற்றியூர் ஆலையில் உருவான அந்த வார்ப்பிரும்பு எஞ்சின், சின்னச் சின்ன மாற்றங்களோடு ஐம்பது ஆண்டுகளுக்கும் மேல் ஓடியது. சிலிண்டரின் விட்டம் 70 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மி.மீ. உங்கள் புதிய வண்டியில் 72-க்கு 85.8. பிஸ்டனுக்கு ஏறத்தாழ அதே நீளமான ஏற்ற இறக்கம்தான். அதனால்தான் குறைந்த வேகத்திலும் அந்த இழுவை கிடைக்கிறது. ஆனால் புதியதில் அதிர்வைச் சமன்செய்ய பேலன்சர் ஷாஃப்ட் இருக்கிறது. பழையதில் அந்த வேலையை ஓட்டுபவரின் முதுகெலும்பு செய்தது.

ஐ.டி.ஐ.யில் பழைய புல்லட் எஞ்சின் ஒன்றைப் பக்கவாட்டில் அறுத்து வைத்துப் பாடம் நடத்துவேன். மாணவர்களுக்கு மிகவும் பிடித்த பாடம், அதை உதைத்துக் கிளப்பும் முறை. முதலில் கிக்கரை மெல்ல அழுத்த வேண்டும். ஹெட்லைட்டின் மேலிருக்கும் அம்மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டே அழுத்தினால், ஓரிடத்தில் முள் நடுவுக்கு வந்து நிற்கும். தீப்பொறிக்கான மின்தொடர்பு முனை, அதாவது காண்டாக்ட் பாயிண்ட் திறந்துவிட்டது, பிஸ்டன் உச்சிக்கு வந்துவிட்டது என்று பொருள். அப்போது சிலிண்டரின் அழுத்தத்தை வெளியேற்றும் டீகம்ப்ரஸர் நெம்புகோலைப் பிடித்து, கிக்கரை இன்னும் ஒரு விரல்கடை கீழே இறக்கி, நெம்புகோலை விட்டுவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு ஒரே உதை. முறையாகச் செய்தால் ஒல்லியான பையன்கூடக் கிளப்பிவிடுவான். அவசரப்பட்டால் கிக்கர் திருப்பி அடிக்கும், கணுக்கால் வீங்கும். அந்த வித்தை கைவந்தவர்தான் புல்லட்காரர் என்று ஊர் மதித்தது. உங்கள் அப்பாவுக்குக் குறைவது இந்த மரியாதை. பொத்தானை அழுத்திக் கிளப்புவதில் மரியாதை என்ன இருக்கிறது என்று நினைக்கிறார். அதற்கு எந்தக் கம்பெனியும் உதிரி பாகம் விற்பதில்லை.

சத்தம் மாறியதற்கு வேறு காரணம். புகைக் கட்டுப்பாட்டு விதிகளுக்காகச் சைலன்சருக்குள் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் வந்துவிட்டது. பெட்ரோலை அளப்பது கார்புரேட்டர் அல்ல, கம்ப்யூட்டர். "டக்... டக்..." என்று இடைவெளி விட்டு, நின்றுவிடுமோ என்று பயமுறுத்தும் அந்தப் பழைய ஓட்டம் இனி வராது.

ஆனால் ஒன்று. பழைய புல்லட் பழுதாகாத வண்டி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பழுதானால் பார்க்க ஆள் கிடைத்த வண்டி, அவ்வளவுதான். பாலக்கோட்டு லேத் பட்டறையில் ஒரு புஷ் கடைந்து போட்டுக்கொண்டு சாயங்காலமே வீடு திரும்பலாம். புதிய வண்டி அதைவிட மிகக் குறைவாகப் பழுதாகிறது. பழுதானால் அதை, வண்டியின் கம்ப்யூட்டரைப் படித்துக் குறையைக் காட்டும் ஸ்கேனர் உள்ளவரிடம்தான் கொண்டுபோக வேண்டும். உங்கள் ஊரில் ஸ்கேனர் யாரிடம் இருக்கிறது என்பதை, வண்டி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (ஊத்தங்கரை, அரசுப் பள்ளி ஆசிரியை): என் மகன் ஆசைப்பட்டான் என்று கடனில் ஒரு ரெட்ரோ வண்டி வாங்கிக் கொடுத்தேன். கம்பெனி பெயரைப் போட வேண்டாம். ஒரு மழைக்காலம்தான் கண்டது. கண்ணாடித் தண்டில் துரு, டேங்க் மூடியைச் சுற்றிப் பெயிண்டு கொப்பளிக்கிறது, செயின் கடகடவென்று சத்தம், மீட்டருக்குள் ஆவி. சர்வீஸ் மையத்தில் கேட்டால், "இந்த மாடலில் அப்படித்தான் மேடம், பழைய ஸ்டைல் வண்டி அல்லவா?" என்கிறார்கள். மகனும் அதையே திருப்பிச் சொல்கிறான். இரண்டு லட்சத்துக்கு மேல் கொடுத்திருக்கிறேன் ஐயா.

பதில்: அம்மா, இந்த மாதம் வந்ததில் என்னை மிகவும் கோபப்படுத்திய கடிதம் உங்களுடையது. கோபம் உங்கள் மேல் அல்ல.

நூறு சிசி வண்டியின் டேங்கில் ஒரு கொப்புளம் வந்தால் நாம் என்ன செய்வோம்? ஷோரூம் வாசலில் வண்டியைக் குறுக்கே நிறுத்திவிட்டு மேனேஜரைக் கூப்பிடுவோம். அதே கொப்புளம் வட்ட விளக்கு வைத்த வண்டியில் வந்தால் "அது அதன் குணம்" என்கிறோம். எண்ணெய் சொட்டினால் குணம். போல்ட் கழன்றால் குணம். இந்த மன்னிப்பைப் பழைய புல்லட் சம்பாதித்தது நியாயம். அதன் வடிவமைப்பு அந்தக் காலத்துடையது, அதை வாங்கியவர்கள் தெரிந்தே வாங்கினார்கள். நேற்று வரைந்து இன்று வார்த்த வண்டிக்கு அந்தச் சலுகை எதற்கு? பெயிண்டுக்கும் குரோமியம் பூச்சுக்கும் "பழைய ஸ்டைல்" என்று ஒன்று கிடையாது. பூச்சு கனமாக இருக்கிறது, அல்லது மெல்லியதாக இருக்கிறது. அவ்வளவே.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. வாயால் சொல்வதை நிறுத்துங்கள். அடுத்த முறை வண்டியை விடும்போது அவர்கள் வேலைகளைக் குறிக்கும் சீட்டான ஜாப் கார்டில், செயினைத் தவிர மற்ற மூன்று குறைகளையும் தனித்தனியாக எழுதச் சொல்லி, நகல் வாங்குங்கள். "ஜெனரல் செக்கப்" என்று ஒரே வார்த்தையில் முடிப்பார்கள், விடாதீர்கள். துருவையும் கொப்புளத்தையும், ஓடிய கிலோமீட்டர் தெரியும்படி மீட்டரையும் படம் எடுங்கள். "இந்த மாடலில் அப்படித்தான்" என்றால், அதையே ஜாப் கார்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். அந்தப் பேனா எழுதாது. அந்த இடத்தில்தான் பேச்சின் தொனி மாறும்.

அதற்கும் மசியவில்லையென்றால் கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்குப் படங்களோடு மின்னஞ்சல். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அப்பால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கம்பெனி இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. பள்ளியில் விடுப்புக் கடிதங்களைத் திருத்திப் பழகியவர், நன்றாகவே எழுதுவீர்கள்.

செயின் மட்டும் மகனின் பொறுப்பு. மழையில் ஓட்டிய அன்றே துடைத்து எண்ணெய் விடாவிட்டால் எந்தச் செயினும் கத்தும். அதையும் சேர்த்துப் புகாரில் போட்டால், அதைப் பிடித்துக்கொண்டு மற்ற மூன்றையும் தட்டிவிடுவார்கள். முதலில் செயினைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

கேள்வி (அரூர், மாணவர்): தாத்தாவிடம் ஜாவா இருந்ததாம். நான் புதிய ஜாவா வாங்கலாமா?

பதில்: தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைத்திருக்கிறார்கள், தாத்தாவின் குணத்தைப் பேரனிடம் தேடாதீர்கள். 1960-களில் மைசூரில் உருவான ஜாவாவும் பிறகு வந்த யெஸ்டியும் டூ-ஸ்ட்ரோக். கிக்கர் நெம்புகோலையே மடக்கினால் அதுவே கியர் நெம்புகோல். அந்த வசதியைப் பார்த்து வாயைப் பிளந்தவர்களில் நானும் ஒருவன். அந்த ஆலை 1996-இல் மூடிவிட்டது. 2018 நவம்பரில் மகிந்திராவின் துணையோடு திரும்பி வந்த ஜாவா, தண்ணீரால் குளிரும் 293 சிசி ஃபோர்-ஸ்ட்ரோக். வண்டியாக ஓட்டிப் பாருங்கள், பிடித்தால் வாங்குங்கள். தாத்தாவுக்காக வாங்காதீர்கள்.

கேள்வி (பென்னாகரம், விவசாயி): புதிய வண்டியில் கிக்கரே இல்லை. எங்கள் தோட்டம் ஒகேனக்கல் சாலையிலிருந்து உள்ளே. ராத்திரி பேட்டரி இறங்கிவிட்டால் என்ன செய்வது? தள்ளி ஸ்டார்ட் செய்யலாமா?

பதில்: கார்புரேட்டர் வண்டி என்றால் இரண்டாவது கியரில் போட்டுத் தள்ளினால் பெரும்பாலும் கிளம்பிவிடும். ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டிக்கு டேங்கில் இருக்கும் பம்ப் சுற்றவும் கம்ப்யூட்டர் விழித்துக்கொள்ளவும் மின்சாரம் வேண்டும். பேட்டரி கொஞ்சம் தளர்ந்திருந்தால் தள்ளிக் கிளப்பலாம், சாவி போட்டதும் பம்பின் "ஊ..." என்ற மெல்லிய சத்தம் கேட்கிறதா என்று காது கொடுங்கள். அந்தச் சத்தமே இல்லையென்றால் ஒகேனக்கல் வரை தள்ளினாலும் கிளம்பாது.

மோட்டாருக்கு வயரிங் பார்க்கும் எலெக்ட்ரீஷியனிடம் வோல்ட் அளக்கும் மல்ட்டிமீட்டர் இருக்கும், ஒரு நாள் வாங்கிக்கொள்ளுங்கள். காலையில் வண்டியைத் தொடும் முன் பேட்டரியின் இரு முனைகளில் வையுங்கள். 12.6 வோல்ட் அளவில் இருந்தால் ஆரோக்கியம். 12-க்குக் கீழே என்றால் சந்தேகம். இப்போது வண்டியைக் கிளப்பி லேசாக ஆக்சிலரேட்டர் கொடுங்கள். எண் 14-ஐ ஒட்டி ஏற வேண்டும். ஏறாமல் 12-லேயே நின்றால் குறை பேட்டரியில் இல்லை. சார்ஜ் ஏற்றும் பகுதியில் இருக்கிறது. பல கடைகளில் இதைப் பார்க்காமலேயே புதிய பேட்டரி போட்டு அனுப்புகிறார்கள். அது சில வாரத்தில் இறங்கும். பேட்டரி மோசம் என்று இன்னொன்று போடுவார்கள்.

உங்கள் வண்டியில் போன் சார்ஜர், கூடுதல் விளக்கு, ஏர் ஹார்ன் எல்லாம் மாட்டியிருப்பதாக இரண்டாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். காட்டுப்பன்றிக்காக விளக்கு வேண்டும் என்பது புரிகிறது. ஏர் ஹார்னைக் கழற்றிவிடுங்கள். பன்றி அதற்குப் பயப்படாது.

கேள்வி (தேன்கனிக்கோட்டை, செவிலியர்): எனக்கு ரெட்ரோ வண்டி ஓட்ட ஆசை. உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். வேலை காரணமாக அஞ்செட்டி வரை போய் வர வேண்டும். வீட்டில் ஸ்கூட்டி போதும் என்கிறார்கள். எதை வாங்கலாம்?

பதில்: ஸ்கூட்டி போதும் என்பவர்கள் அஞ்செட்டிச் சாலையில் தினமும் போய் வருகிறார்களா என்று முதலில் கேளுங்கள்.

உயரத்தைவிட எடையைப் பாருங்கள் அம்மா. கிளாசிக் 350-இன் எடை 195 கிலோ, ஹன்டர் 350 அதைவிடக் குறைவு, 181, ஓசூர்க்காரர்களான டி.வி.எஸ்.ஸின் ரோனின் 160 பக்கம். ஓடும்போது இந்த வித்தியாசம் தெரியாது. ஆஸ்பத்திரி வாசலில் சரிவில் நிறுத்திவிட்டு, பின்னோக்கி மேட்டில் தள்ளி எடுக்கும்போது தெரியும். ஷோரூமில் டெஸ்ட் ரைடு கேட்பதோடு நிற்காமல், வண்டியை இறக்கத்தில் மூக்குப் பதிய நிறுத்தச் சொல்லி, நீங்களே பின்னால் இழுத்துப் பாருங்கள். சேல்ஸ்மேன் உதவிக்கு வருவார். வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அடுத்தது சக்கரம். ரெட்ரோ என்றால் ஸ்போக் சக்கரம் அழகு, மறுக்கவில்லை. ஆனால் பெரும்பாலான ஸ்போக் சக்கரங்களில் டியூப் இருக்கும். ஆணி குத்தினால் காற்று சட்டென்று இறங்கும். சக்கரத்தைக் கழற்றினால்தான் ஒட்ட முடியும். யானை நடமாடும் காட்டுச் சாலையில் மாலை நேரத்தில் நீங்கள் பின்சக்கரத்தைக் கழற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. அலாய் சக்கரத்தில் டியூப்லெஸ் டயர் என்றால், ஆணியோடு மெல்ல ஓட்டி ஊருக்கு வந்துவிடலாம். சீட்டுக்கு அடியில் பஞ்சர் திரி ஒன்று வைத்திருந்தால் நீங்களே அடைத்துவிடலாம். உங்கள் தேவைக்கு ஹன்டரின் டியூப்லெஸ் உள்ள வகை அல்லது ரோனின். இரண்டையும் தள்ளிப் பார்த்து, கை எதைச் சொல்கிறதோ அதை வாங்குங்கள். இரட்டைச் சேனல் ஏ.பி.எஸ்., அதாவது பிரேக் பிடிக்கும்போது இரு சக்கரமும் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு உள்ள வகையாகப் பாருங்கள். அதில் சில ஆயிரத்தை மிச்சப்படுத்த வேண்டாம்.

கேள்வி (ஓசூர், உதிரி பாக ஆலைத் தொழிலாளி): போச்சம்பள்ளியில் ஓலா, ஓசூரில் ஏத்தர் என்று எங்கள் மாவட்டமே எலெக்ட்ரிக் வண்டி செய்கிறது. இந்தக் காலத்தில் எல்லாக் கம்பெனியும் ஏன் தாத்தா காலத்து முகத்தை மாட்டிக்கொண்டு வருகிறது? எங்கள் ஷிஃப்டில் தினமும் இதுதான் சண்டை.

பதில்: ஷிஃப்டில் இரண்டு கட்சி என்றால் இரண்டு கட்சிக்கும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றுகிறேன்.

ஒரு கட்சிக்கு: முகம் பழையதானால் அது மேலும் பழையதாவதில்லை. கூர்மூக்கு வைத்த ஸ்போர்ட்ஸ் வண்டிக்கு மூன்றாண்டுக்கு ஒரு முறை முகம் மாற்ற வேண்டும். வட்ட விளக்குக்கு வேண்டாம். கம்பெனிக்கு அச்சுச் செலவு மிச்சம், வாங்கியவருக்கு மறுவிற்பனை விலை மிச்சம். 2020-இல் ஹோண்டா சி.பி.350, 2023-இல் பஜாஜ் ஆலையிலிருந்து ட்ரையம்ஃப் ஸ்பீடு 400, அதே ஆண்டு ஹீரோவோடு சேர்ந்து ஹார்லி எக்ஸ்440, 2024-இல் பி.எஸ்.ஏ. கோல்டு ஸ்டார் என்று வரிசையாக வந்ததற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

மறு கட்சிக்கு: இவை எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடாதீர்கள். 349 சிசி கிளாசிக் தருவது 20 குதிரைசக்தி. 398 சிசி ட்ரையம்ஃப் தருவது 40. ஐம்பது சிசி கூடுதல், சக்தி இரண்டு மடங்கு. வெளிமுகத்தில் இருவரும் உறவினர்போல் இருந்தாலும் உள்ளே வேறு சாதி எஞ்சின். முன்னது நிதானமாகச் சுற்றுகிறது, வெப்பம் குறைவு, காற்றும் எண்ணெயுமே போதும். பின்னதற்கு ரேடியேட்டர் வேண்டும், கூலன்ட் அளவு பார்க்க வேண்டும். வேகமாகச் சுற்றுவதால் கெட்டுவிடும் என்று பொருள் இல்லை. ட்ரையம்ஃப் 16,000 கிலோமீட்டருக்கு ஒரு சர்வீஸ் என்று சொல்லித்தான் விற்கிறது. கவனிப்பின் வகை வேறு, அவ்வளவுதான். ரேடியேட்டர் இருப்பதே தெரியாமல், கூலன்ட் குறைந்த வண்டியைத் தொப்பூர் கணவாயில் ஏற்றி வருபவர்களைப் பார்க்கிறேன். எச்சரிக்கை விளக்கு எரிந்தால் "சென்சார் குறை" என்று சொல்லிக்கொள்கிறார்கள்.

விலையிலும் இப்போது கோடு விழுந்துவிட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியது. அதற்கு மேல் 40 சதவீதமாக ஏறியது. ஒரு சிசி குறைத்து 349 என்று வைத்தவர்களின் அதிர்ஷ்டம்.

கேள்வி (நல்லம்பள்ளி, ஓய்வுபெற்ற நடத்துநர்): சைலன்சரை மாற்றிப் பழைய புல்லட் சத்தம் வரவைக்கலாமா? என் பையன் நச்சரிக்கிறான்.

பதில்: கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 190(2)-இன்படி பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, லைசென்சும் போகலாம். வாரண்டியும் போகும். பஸ்ஸில் இத்தனை காலம் ஏர் ஹார்ன் கேட்ட உங்கள் காதுக்கு ஓய்வு கொடுங்கள்.

கேள்வி (கடத்தூர், ஜவுளிக்கடை ஊழியர்): என்னிடம் 1990-களின் ஆர்.எக்ஸ். 100 இருக்கிறது. எத்தனால் கலந்த பெட்ரோலால் எஞ்சின் போய்விடும் என்று பயமுறுத்துகிறார்கள். விற்றுவிட்டுப் புதிய ரெட்ரோ வாங்கலாமா?

பதில்: விற்றால் வாங்க வரிசையில் நிற்பார்கள்; விற்றபின் நீங்கள் அந்த வரிசையைப் பார்த்து ஏங்குவீர்கள். வைத்துக்கொள்ளுங்கள்.

இருபது சதவீத எத்தனால் கலப்பு பழைய வண்டிக்கு நல்லதல்ல என்பது உண்மை. எஞ்சின் ஒரே நாளில் போய்விடும் என்பது பொய். எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பரைத் தளர்த்தும். ஆகவே பெட்ரோல் டியூபையும் கார்புரேட்டரின் ரப்பர் வளையங்களையும் எத்தனால் தாங்கும் வகையாக மாற்றுங்கள். வாரக்கணக்கில் நிறுத்தி வைப்பதானால் டேங்கை நிரப்பி வையுங்கள். காலி இடம் இருந்தால்தான் ஈரக்காற்று புகும். கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைத் திருகி, உள்ளே இருப்பதைக் காலி செய்யுங்கள். ஒரு முறை அதைக் கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பாருங்கள். அடியில் தனியாக ஒரு படலம் நின்றால் தண்ணீர் இறங்கியிருக்கிறது; டேங்கையும் கழுவ வேண்டும். ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு என்பதால் மைலேஜும் கொஞ்சம் குறையும். அதற்காக மெக்கானிக்கிடம் சண்டை போடாதீர்கள்.

கேள்வி (கிருஷ்ணகிரி, மாங்கூழ் ஆலை ஊழியர்): பெங்களூரில் வேலை செய்யும் நண்பர் 2015 கிளாசிக் 350-ஐக் குறைந்த விலைக்குத் தருகிறேன் என்கிறார். கே.ஏ. பதிவெண். இங்கே பாதி ஊர் கே.ஏ. வண்டியில்தான் ஓடுகிறது. அப்படியே ஓட்டலாமா? அந்தப் பழைய எஞ்சினை நம்பலாமா?

பதில்: பாதி ஊர் ஓட்டுகிறது என்பதால் சட்டம் மாறாது. பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் தமிழ்நாட்டுப் பதிவுக்கு மாற்றியாக வேண்டும். கர்நாடக ஆர்.டி.ஓ.விடம் தடையின்மைச் சான்று, இங்கே சாலை வரி, பெயர் மாற்றம். இந்தச் செலவைக் கூட்டிப் பார்த்தபின் "குறைந்த விலை" இன்னும் குறைவாகத் தெரிகிறதா என்று பாருங்கள். கட்டிய வரியில் மீதியைத் திரும்பப் பெறும் வேலை நண்பருடையது. அதை இப்போதே பேசிவிடுங்கள், வண்டி கைமாறியபின் நண்பர்கள் போனை எடுப்பதில்லை.

எஞ்சினை நம்பலாம். அது வார்ப்பிரும்புக் காலத்துக்கும் இன்றைய எஞ்சினுக்கும் இடைப்பட்டது. கிக்கரும் உண்டு, செல்ஃபும் உண்டு, கார்புரேட்டர்தான். நம் ஊர் மெக்கானிக்குகளுக்கு மனப்பாடம். காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போய்ப் பாருங்கள். நண்பர் முன்கூட்டியே கிளப்பி வைத்திருந்தால், டீ குடித்துவிட்டு ஆறும்வரை காத்திருங்கள். செல்ஃபை அழுத்தும்போது "கறக்" என்று வழுக்கிச் சுற்றினால் செல்ஃப் மோட்டாரை எஞ்சினோடு இணைக்கும் ஸ்ப்ராக் கிளட்ச் தேய்ந்திருக்கிறது. எஞ்சினின் பக்கத்தைத் திறக்கும் வேலை, விலையில் கழித்துக்கொள்ளுங்கள். வால்வு இடைவெளியை எண்ணெய் அழுத்தத்தால் சரிசெய்யும் ஹைட்ராலிக் டாப்பெட் என்பதால் கிளப்பியவுடன் கொஞ்சம் தட்டும். எண்ணெய் ஏறியதும் அடங்க வேண்டும். அடங்கவில்லையென்றால் வேண்டாம். கடைசியாக, சீட்டைக் கழற்றி வயர் கொத்தைப் பாருங்கள். பெங்களூர் வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் இணைப்புகளுக்குள் பச்சைக் களிம்பும் மூலைகளில் காய்ந்த சேறும் இருக்கும். பெயிண்டு பாலிஷ் போடுபவர்கள் அங்கே கை வைப்பதில்லை.

பின்குறிப்பு: அடுத்த இதழுக்குக் கேள்வி அனுப்புகிறவர்கள் வண்டியின் பெயர், வாங்கிய ஆண்டு, ஓடிய கிலோமீட்டர், குறை வருவது எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதா சூடேறியபின்பா என்பதையும் எழுதுங்கள். "வண்டி இழுக்கவில்லை, என்ன செய்யலாம்?" என்று மட்டும் ஒரு அட்டையில் எழுதி அனுப்பிய கம்பைநல்லூர் நண்பருக்கு: முதலில் ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறதா என்று பாருங்கள், அது காரா, பைக்கா, மாட்டு வண்டியா என்றுகூட நீங்கள் எழுதவில்லை.